பழுது கத்தியிலா, கையிலா?

மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும்போது கோணத்தை முடிவு செய்வது தீட்டுகிறவரின் கை அல்ல, கத்தியின் முதுகு. அரிவாளையும் காய்கறிக் கத்தியையும் எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்பது கைப்பழக்கத்தில் வருவது. சவரக்கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவே குழிவாகக் கடைந்த பகுதி கல்லில் படாமல் நிற்க வேண்டும். முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்திக்கு முதுகின் தடிமன் 5.5 மில்லிமீட்டர் என்றால், வாயின் கோணம் ஏறத்தாழ 16.5 டிகிரி. முதுகில் அரை மில்லிமீட்டர் குறைந்தால் கோணத்தில் ஒன்றரை டிகிரி குறையும். முதுகில் நேர்ந்த பிசகு முதுகோடு நிற்பதில்லை, வாய்க்கு வந்து சேர்கிறது. வாயிலிருந்து கன்னத்துக்கு வருகிறது. புதுச் சவரக்கத்திகளில் தென்படும் உற்பத்திப் பழுதுகளைப் பற்றி யோசிக்கிறவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான். மற்றக் கருவிகளில் செய்நேர்த்தி குறைந்தால் அதைக் கை ஈடுகட்டிவிடும். இந்தக் கருவி அந்தச் சலுகையைத் தருவதில்லை.

பழுதுகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் மர்மம் ஏதுமில்லை. ஒரு சதவீதத்தை ஒட்டிய கரிமம் உள்ள உருக்கை அடித்து உருவாக்கி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் வைத்துப் பதம் ஏற்றுகிறார்கள். எண்ணெயில் இறங்கும் கணத்தில் தடித்த முதுகும் மெலிந்த வாய்ப்புறமும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை. மெலிந்த பக்கம் முந்திக்கொள்ள, கத்தி வளைந்துகொள்கிறது. நிதானமுள்ள பட்டறையில் அந்த வளைவைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்துவார்கள். அதற்கு நேரம் ஒதுக்காத இடத்தில் வளைந்த கத்தியே அடுத்த வேலைக்குப் போகிறது. அடுத்த வேலை, சுழலும் சாணைச் சக்கரத்தில் கத்தியின் இரு பக்கங்களையும் குழிவாகக் கடைவது. ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் வாய் நடுக்கோட்டை விட்டு விலகும். சக்கரத்தில் அழுத்தம் கூடினால் மெலிந்த வாய்ப்புறம் நொடியில் சூடேறி, ஏற்றிய பதம் இறங்கிப்போகும். சூடேறிய இடம் நீலம் பாய்ந்து காட்டிக்கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் கடைசியாகப் போடும் மெருகு அந்த நீலத்தைத் துடைத்துவிடுகிறது. பதம் போன உருக்கு மட்டும் பளபளப்புக்கு அடியில் தங்கிவிடுகிறது. பிடிப்பக்கம் விடப்படும் தடித்த மேடு வாய்க்கு மிக அருகில் வந்துவிட்டால், கல்லில் வைக்கும்போது அந்த மேடு கத்தியைத் தூக்கிப் பிடிக்கும். பிடியின் ஆணி சாய்ந்திருந்தால் மூடும் ஒவ்வொரு தடவையும் வாய் பிடியின் உட்புறத்தில் உரசும்.

இவற்றில் பெரும்பாலானவை வெறும் கண்ணுக்குத் தெரியாது. தெரியவைப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. வாயை ஒட்டி இருபுறமும் ஓடும் மெல்லிய கூர்ப்பட்டையில் கறுப்பு மார்க்கர் மையைப் பூசி, உலரவிட்டு, சமதளமான கல்லில் அழுத்தம் கொடுக்காமல் ஒரே ஒரு தடவை இழுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். நேரான கத்தியில் முழு நீளத்துக்கும் மை ஒரே அகலத்தில் அழிந்திருக்கும். வளைந்த கத்தியில் ஒரு பக்கம் இரு முனைகளிலும் மை போயிருக்க, நடுப்பகுதி கறுப்பாகவே இருக்கும். மறுபக்கம் பார்த்தால் நடுவில் மட்டும் மை போய் முனைகள் கறுத்திருக்கும். கறுப்பு நிற்கும் இடத்தைக் கல் இன்னும் தொடவில்லை என்று பொருள். அங்கே கூர் ஏறும்வரை தீட்டிக்கொண்டே போனால், தொடுகிற இடங்களில் முதுகும் வாயும் வீணாகக் கரையும். புதுக் கத்தி பத்தாண்டு புழங்கிய கத்தியைப் போலத் தேய்ந்த பிறகே முதல் சவரத்துக்கு வரும். சோதனைக்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். பட்டறையில் விட்டுப்போன அந்த இரண்டு நிமிடத்தை, வாங்கியவர் பல நாள் உழைப்பாகவும் தேய்ந்துபோன உருக்காகவும் செலுத்துகிறார்.

வாங்கியவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அநீதி விளங்கும். இன்று புது மடக்குக் கத்தியைத் தேடி வாங்குகிறவர்களில் பலர் தொழில் செய்கிறவர்கள் அல்லர்; ஆர்வத்தால் பழக முனைகிறவர்கள், வாழ்க்கையில் முதல் தடவை இப்படியொரு கத்தியைக் கையில் எடுப்பவர்கள். சவரம் செய்யும்போது முடி இழுபடுகிறது, தோல் எரிகிறது, தாடைக்குக் கீழே கீறல் விழுகிறது. பழுது கத்தியிலா, கையிலா? அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கத்தி ஒன்று அவரிடம் இல்லை. கேட்கிற இடத்திலெல்லாம் 'பழகப் பழக வந்துவிடும்' என்றுதான் சொல்வார்கள். பாதி வேளைகளில் அது சரியாகவும் இருக்கும் என்பதால் மீதிப் பாதியில் ஏமாறுவது எளிதாகிறது. கற்கிறவரின் அடக்கத்துக்குப் பின்னால் பட்டறையின் அலட்சியம் ஒளிந்துகொள்கிறது. இந்த இடத்திலிருந்துதான் என் வாதம் பிறக்கிறது. ஒரு பொருளின் தரத்தைக் கடைசியில் காப்பவர், பழுதைப் பழுது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரும் அதைத் திருப்பிக் கொடுக்கத் துணிவுள்ளவருமான பயனாளி. அப்படிப்பட்ட பயனாளி இல்லாமல் போன சந்தையில் எந்த முத்திரையும் எந்த ஊர்ப்பெயரும் அவருடைய வேலையைச் செய்துவிடாது.

அந்தப் பயனாளி நம்மிடையே இருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்தில் வாலீஸ்வரர் கோயிலை நடுவில் வைத்து அமைந்த வாலிகண்டபுரத்தைப் போன்ற ஊர்களில், அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடுவீடாகப் போன நாவிதர்தான் அவர். அடைப்பத்துக்குள் கத்தியும் கத்தரியும் தீட்டுக்கல்லும் தோல்வாரும் இருக்கும். கூலி பெரும்பாலும் அறுவடைக் களத்தில் அளந்து கொடுக்கும் தானியம். கத்தியோ ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள். ஒரு நாளில் பல தலைகளையும் பல கன்னங்களையும் மழிக்க வேண்டிய கத்தியில் பழுது இருந்தால், அது அவருடைய பெயரையும் வருமானத்தையும் ஒன்றாகக் கெடுக்கும். அதனால் அவர் கண்ணை நம்பி வாங்குவதில்லை. கட்டைவிரல் சதையை வாயின் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்ப்பார். நகத்தின் மேல் வாயை இழுத்து, எங்கே தடுக்குகிறது என்று கவனிப்பார். ஒற்றை முடியைத் தொங்கவிட்டு அறுபடுகிறதா என்று பார்ப்பார். தோல்வாரில் தீட்டும்போது எழும் ஓசை முனை முதல் பிடிவரை ஒரே சீராக இருக்கிறதா என்று காது கொடுப்பார். நேராக இல்லாத கத்தி அந்த ஓசையிலேயே பிடிபட்டுவிடும். தொழிற்சாலை மொழியில் சொன்னால் இது நூறு சதவீத ஆய்வு. அதைச் செய்தவருக்குச் சம்பளமும் கிடையாது, பட்டமும் கிடையாது. பிரசவம் பார்த்ததும் கட்டிக்குக் கத்தி வைத்ததும் இதே சமூகம்தான். ஊரின் உடம்பைத் தொட்டுக் காத்த அறிவுக்கு ஊர் கொடுத்த இடம் திண்ணைக்குக் கீழே இருந்தது. அந்த அறிவை யாரும் தர அளவையாக எழுதிவைக்காமல் போனதற்கு அந்த இடமே காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு கத்தி மாறியது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. தொடர்ந்து வந்த விழிப்புணர்வுப் பிரசாரம், முடிதிருத்தகத்தில் தனக்கென்று புது பிளேடு கேட்டு வாங்கும்படி ஒவ்வொருவரையும் பழக்கியது. இன்று நெடுஞ்சாலை ஊர்களின் கடைகளில் கையில் இருப்பது பாதியாக ஒடித்த பிளேடைச் செருகும் கத்திதான். மொட்டை போடும் கோயில்களிலும் அதுவே. 2021இல் அறநிலையத்துறைக் கோயில்களில் முடிக்காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது, அந்தத் தொழிலாளர்களின் பிழைப்பு ஓரளவாவது பேச்சுக்கு வந்தது. அவர்கள் கையிலிருந்த கருவியறிவு அப்போதும் பேச்சுக்கு வரவில்லை. பிளேடுக்கு மாறியது சரியான முடிவு. அதில் எனக்கு ஐயமே இல்லை. இரத்தத்தால் பரவும் நோயை எந்தத் தோல்வாரும் துடைத்துவிடாது. ஆனால் சரியான முடிவுக்கும் விலை உண்டு. ஊருக்கு ஊர் இருந்த தேர்ந்த சோதகர்கள் ஒரே தலைமுறையில் அந்த வேலையிலிருந்து விலகிவிட்டார்கள். உலகின் பல நாடுகளிலும் முன்னும் பின்னுமாக நடந்தது இதேதான். சவரக்கத்தி தொழிற்கருவி என்ற நிலையிலிருந்து விருப்பப் பொருளாக மாறியது. விருப்பப் பொருளின் தலைவிதியை அதன் தோற்றம் முடிவு செய்கிறது.

பிளேடு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டதே என்று ஒருவர் கேட்கலாம். கிங் ஜில்லெட் 1901இல் நிறுவனம் தொடங்கி, 1903இல் விற்பனையை ஆரம்பித்தபோது அவர் செய்த பெரிய மாற்றம் தீட்டும் வேலையை வீட்டிலிருந்து ஆலைக்குக் கொண்டுபோனதுதான். ஒரே அளவில் இலட்சக்கணக்கில் வரும் பொருளுக்கு மாதிரி எடுத்துச் சோதிப்பது பொருந்தும். உற்பத்தித் தரத்தைக் கண்காணிக்க வால்டர் ஷூவார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் அடிப்படை அதுவே. மகாலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பில் 1947–48இல் ஷூவார்ட் இந்தியா வந்ததும் அந்த முறையை இங்கே பரப்பத்தான். அது எங்கே பொருந்துகிறது என்பதற்கு அரியலூர் நல்ல சாட்சி. அங்குள்ள ஆலைகளில் சிமென்டைச் சோதிக்க 70.6 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களை வார்த்து, 3, 7, 28 நாட்களில் நசுக்கிப் பார்க்கிறார்கள். 53 கிரேடு என்றால் 28ஆம் நாளில் 53 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். நசுக்கிய கனசதுரம் உடைந்துபோகும், ஆனாலும் அது மூட்டைகளுக்காகப் பேசும்; காரணம், அரைத்துக் கலந்த தூளில் ஒரு பிடி மறு பிடியைப் போலவே இருக்கும். கையால் சக்கரத்தில் கடைந்த சவரக்கத்திக்கு அந்த இயல்பு கிடையாது. காலையில் கடைந்த கத்தி நேராக இருப்பது மாலையில் கடைந்த கத்திக்கு உத்தரவாதம் ஆகாது. நூற்றில் ஐந்தைப் பார்த்துவிட்டு நூற்றுக்கும் ஒப்புதல் கொடுப்பது சிமென்டில் அறிவியல். சவரக்கத்தியில் அது வாங்குகிறவர் தலையில் கட்டும் பந்தயம். பிளேடின் கதையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழுதான பிளேடை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை, தூக்கி எறிகிறோம். தூக்கி எறியப் பழகியவர்கள் முறையிடப் பழகுவதில்லை.

நல்ல உருக்கு இருந்தால் போதாதா என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. விற்பனை விளம்பரங்கள் உருக்கின் பெயரைத்தான் முதலில் சொல்கின்றன. இதற்குப் பதில் நம் மண்ணின் வரலாற்றிலேயே இருக்கிறது. கொடுமணலில் உலைகள் கண்டெடுக்கப்பட்ட இந்தத் தென்னாட்டில், மூசையில் உருக்கிய எஃகுக் கட்டிகள் உலகப் புகழ் பெற்றிருந்தன. 'ஊட்ஸ்' என்ற பெயரில் அவை இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, 1795இல் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் அவற்றைப் பற்றி ஆய்வறிக்கை அளித்தார். கத்தி செய்வதில் பேர்பெற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகை விரும்பிப் பயன்படுத்தினார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து 1820இலும் 1822இலும் உருக்குக் கலவைகள் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். தம் கலவையில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்ததும் உண்டு. ஆனால் அதே கட்டியைத் தங்கள் வழக்கமான கடும் சூட்டில் அடித்த ஐரோப்பியக் கொல்லர்களின் கையில் அது நொறுங்கிப்போனது. ஒன்றரை சதவீத அளவுக்குக் கரிமம் ஏறிய உருக்கு, குறைந்த சூட்டில் பொறுமையாக அடிக்கக் கேட்கும். உருக்கு உயர்ந்ததுதான், பக்குவம் தெரியாத கையில் அந்த உயர்வு பயன்படவில்லை. 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வும் இதை வேறு கோணத்தில் சொல்கிறது. உருக்கை விட ஐம்பது மடங்கு மென்மையான முடி, உருக்கின் நுண் அமைப்பு சீராக இல்லாத இடத்தில் வாயில் சில்லு பெயர்த்துவிடுகிறது. கன்னத்தின் ரோமமே கண்டுபிடித்துவிடும் சீர்கேட்டைப் பட்டறை கண்டுபிடிக்காமல் விட்டால், ரோமத்தைக் குறை சொல்ல முடியாது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு வேறு ஒன்று. வெட்டுக்கருவி எதுவும் பட்டறையிலிருந்து முழுமையாக வருவதில்லை; கடைசிக் கூரை ஏற்றுவது பயன்படுத்துகிறவரின் கடமை; அதைச் செய்யத் தெரியாதவர் பழுது என்று கூச்சலிடுகிறார் என்பது அந்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பக் கலைஞர்களைப் பாருங்கள். வாலிகண்டபுரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊர் அது. மரச்சிற்பியின் கையில் பல அளவுகளில் உளிகள் இருக்கும். உளி வரும்போதே மரத்தில் இறங்கும் கூரோடு வர வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. தம் கைக்கும் மரத்துக்கும் ஏற்றபடி வாயைத் தாமே தீட்டிக்கொள்கிறார். ஆனால் அதே உளி கொட்டாப்புளியின் முதல் அடியில் வாய் மடங்கினால், தோய்ச்சல் சரியில்லை என்று கொல்லரிடம் திருப்பிக் கொண்டுபோவார். கொல்லரும் 'நீங்கள் தீட்டவில்லை' என்று வாதாட மாட்டார். வேலையை மிச்சம் வைப்பதும் வேலையைக் கெடுத்துவைப்பதும் வேறு என்பது இருவருக்கும் தெரியும். கூர் ஏற்றாத கத்தி மிச்சம் வைத்த வேலை. அதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. வளைந்த முதுகும் பதம் இறங்கிய வாயும் கெட்ட வேலை. எவ்வளவு தீட்டினாலும் அது திருந்தாது. சவரக்கத்திச் சந்தையில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பிவிடுகிறார்கள். கூர் இல்லாமையை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற போர்வைக்குள் வளைவும் சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

கைவேலை என்றால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அதுதானே அதன் அழகு என்று சொல்கிறவர்களுக்கும் பதில் உண்டு. கொம்புப் பிடியின் நிறமும் வரியும் கத்திக்குக் கத்தி வேறுபடட்டும். மெருகின் சாயல் வேறுபடட்டும். முதுகும் வாயும் ஒரே தளத்தில் கிடக்க வேண்டும் என்ற ஒன்றில் வேறுபாட்டுக்கு இடமில்லை. ஒவ்வொன்றையும் சோதித்தால் விலை ஏறும், எளியவர் வாங்க முடியாது என்பதும் முழு உண்மையல்ல. தட்டையான கண்ணாடியில் படுக்கவைத்துப் பார்ப்பது, மை தடவிக் கல்லில் ஒரு தடவை இழுப்பது, மூடும்போது வாய் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பது ஆகிய மூன்றுக்கும் சேர்த்துச் சில நிமிடங்களே ஆகும். தேறாத கத்தியை அழிக்கவும் தேவையில்லை. திருப்பூர் பனியன் கடைகளில் 'செகண்ட்ஸ்' என்று சொல்லியே விற்கிறார்கள். வாங்குகிறவரும் தெரிந்தே குறைந்த விலை கொடுக்கிறார், யாரும் ஏமாறுவதில்லை. பழுதைச் சொல்லி மலிவாக விற்பது எளியவருக்குச் செய்யும் உதவி. பழுதை மறைத்து மலிவாக விற்பது அவரிடமிருந்தே சோதனைக் கூலியை வசூலிப்பது.

பெயரும் சட்டமும் ஓரளவு துணை நிற்கும், அந்த அளவு எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் கத்திகளுக்குப் பேர்போன சோலிங்கன் என்ற ஊர்ப்பெயரைக் காக்க 1938இலேயே தனிச் சட்டம் வந்தது. 1994இன் விதிகள், முக்கியமான உற்பத்தி நிலைகள் அந்த வட்டாரத்திலேயே நடக்க வேண்டும் என்றும், மூலப்பொருளும் வேலைப்பாடும் பயனுக்குத் தக்கவையாக இருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. போலிகளைத் தடுக்க இது உதவும். ஆனால் பெயர் ஊர் முழுவதற்கும் பொது. முதுகு அந்தந்தக் கத்திக்குத் தனி. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நமது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதை வரையறுக்கும்போது, சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரத்தோடு, விற்பவர் தாமே சொல்லிக்கொண்ட தரத்தையும் அளவுகோலாக வைக்கிறது. இது முக்கியமான பிடி. 'சவரத்துக்குத் தயார்' என்று பெட்டியில் அச்சிட்டவர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் தாம் குடியிருக்கும் பெரம்பலூரிலேயே வழக்குப் போடும் உரிமை இருப்பவருக்கும், தம் கத்தியின் நடுவில் கறுப்பு மை ஏன் அழியாமல் நிற்கிறது என்று விளக்கத் தெரிந்தால்தான் அந்த உரிமை பயன்படும். பழகிப் பழகி, பழுது கத்தியில்தான் என்று அவர் உணரும்போது, திருப்பி அனுப்பும் கெடுவும் கடந்திருக்கும். சவரம் செய்த கத்தியைச் சுகாதாரம் காட்டி யாரும் திரும்ப வாங்கவும் மாட்டார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது செய்கிறவரிடம்: ஒவ்வொரு கத்தியோடும் எதைச் சோதித்தோம், எதை உங்களுக்கு மிச்சம் வைத்தோம் என்று எழுதிய சீட்டு ஒன்று வர வேண்டும். முதுகின் தடிமன், நேர்த்தன்மை, பதம் ஆகியவை செய்தவரின் பொறுப்பு. கடைசிக் கூர் யாருடைய பொறுப்பு என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது நம்மிடம்: இழந்த சோதகரை மீட்க வேண்டும். பழைய கத்தி கடைகளுக்குத் திரும்ப வேண்டியதில்லை, திரும்பவும் கூடாது. ஆனால் விரல் நுனியாலும் காதாலும் உருக்கைப் படித்த முதிய முடிதிருத்துநர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கருவி செய்யக் கற்பிக்கும் ஐ.டி.ஐ. வகுப்புகளில் அவர்களுக்கு ஆசிரியருக்குரிய நாற்காலியும் ஊதியமும் கொடுத்து, அவர்கள் செய்துவந்த சோதனைகளை முறையாக எழுதிவைக்க வேண்டும். அந்த எழுத்து சவரக்கத்தியோடு நிற்காது. உளிக்கும் அரிவாளுக்கும் அறுவைக் கருவிக்கும் போகும். பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவு யாரிடம் இருந்ததோ அவரைத் தாழ்த்திவைத்த சமூகம், பழுதான பொருளை வாங்கிவிட்டுத் தன் கையைத் தானே நொந்துகொள்வதில் வியப்பில்லை. அந்த அறிவுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தால்தான், பழுது கத்தியில் இருக்கும்போது கத்தியைச் சுட்டிக்காட்டும் துணிவு வாங்குகிறவருக்கு வரும்.